கண் தானாக மூடிக்கொள்கிறது, போடாக்ஸ் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒரு வருடமாக இரண்டு கண்களும் திடீர் திடீரென இறுக மூடிக்கொள்கின்றன. வெயிலில் இறங்கினால் இன்னும் மோசம். சாலையைக் கடக்கவே பயமாக இருக்கிறது. நரம்பியல் டாக்டர் போடாக்ஸ் ஊசி போடச் சொல்கிறார். அது நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போடும் விஷ ஊசி என்கிறாள் மகள். போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். விஷம் என்று மகள் சொல்வது சரிதான். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு அது. ஆனால், நடிகைகளுக்கு முன்பே இது கண்ணுக்கு மருந்தாக வந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதை முதலில் முயன்றது மாறுகண்ணுக்கு. 1989-ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும், உங்களுக்கு வந்திருக்கும் இமை இறுக்கத்துக்கும் சேர்த்தே அனுமதி கிடைத்தது. இப்படி இமைக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுவில் சுருக்கம் மறைவதை வான்கூவர் கண் மருத்துவர் ஜீன் கரதர்ஸ் கவனித்த பிறகுதான் அழகு சிகிச்சைப் பக்கம் போனது. சுருக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது 2002-ல். நடிகைகள்தான் உங்கள் மருந்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

உங்கள் நோய்க்குப் பெயர் பிளெஃபரோஸ்பாசம். தசைகள் தானாக இறுகிக்கொள்ளும் டிஸ்டோனியா என்ற நோயில் ஒரு வகை. ‘இடக்கண் துடித்தால் நல்லது’ என்கிறோமே, அந்தத் துடிப்பு வேறு. தூக்கம் கெட்டால் வந்து போவது. இதில் மூளையிலிருந்தே இமைத் தசைக்குத் தப்பான கட்டளை வருகிறது. புருவ ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினாலோ, பாட்டை முணுமுணுத்தாலோ சிலருக்குக் கண் திறந்துகொள்ளும். அதைப் பார்த்து ‘நடிக்கிறாள்’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நடிப்பு இல்லை, இந்த நோயின் குணமே அதுதான்.

மெல்லிய ஊசியால் இமையைச் சுற்றிச் சில இடங்களில் துளித் துளியாக மருந்தை ஏற்றுவார்கள். சுருக் சுருக்கென்று வலிக்கும், சில நிமிடங்கள்தான். அன்றே வீடு திரும்பலாம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியை மருந்து தடுத்துவிடுவதால், சில நாட்களில் இறுக்கம் தளரத் தொடங்கும். சுமார் 3 மாதத்தில் நரம்பு பழையபடி விழித்துக்கொள்ளும். அப்புறம் மறுபடி ஊசி. ஒரே ஊசியில் தீரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இமை சற்றுத் தொங்கலாம், கண் வறளலாம். சில வாரங்களில் சரியாகும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து விலை அதிகம்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று பேரை வரவழைத்து ஒரு குப்பியைப் பங்கிட்டுத் தரும் டாக்டர்களும் உண்டு; கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயர், எத்தனை யூனிட், என்ன தேதி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு கம்பெனியின் 20 யூனிட்டும் இன்னொன்றின் 20 யூனிட்டும் சமம் கிடையாது.

வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை பவர் மிஷினில் உட்கார வேண்டாம். சூப்பர்வைசரிடம் சொல்லி, பிசிர் வெட்டும் வேலையாவது கேட்டு வாங்குங்கள்.