ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் கொழுப்புச் செல்களின் அழற்சி குறையுமா?

இதே கேள்வியைக் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அத்தை இரண்டு வருடங்களுக்கு முன் கேட்டார். கையில் ஒரு மாத்திரை டப்பா. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். "கண்ணு, உள்ளுக்குள்ள இருக்கிற வீக்கத்தையெல்லாம் இது வத்த வச்சிடுமாம். நீதான் இதையெல்லாம் படிச்சவ, சொல்லு" என்றார். நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் புரிய வேண்டுமானால், அழற்சி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

கொழுப்புச் செல் என்பது சும்மா எண்ணெய் சேர்த்து வைக்கிற பை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1993இல், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் வருவதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் கண்டுபிடித்தார்கள். செல் கொள்ளும் அளவுக்கு மேல் எண்ணெய் சேர்ந்தால் அது புடைத்துத் திணறுகிறது. என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு, எதையும் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. செல் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கும் காவல் செல்கள், வந்து கொழுப்புக்குள் குடியேறுகின்றன. இது 2003இல் தெரிந்தது. செத்துப்போன கொழுப்புச் செல் ஒன்றைச் சுற்றி அவை கிரீடம் வைத்த மாதிரி வட்டமாக உட்கார்ந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். காலில் முள் குத்தினால் சிவக்கும், வீங்கும், நாலு நாளில் அடங்கிவிடும். கொழுப்பில் நடக்கும் இந்த அழற்சி வலிக்காது, வெளியே தெரியாது, வருடக்கணக்கில் உமி நெருப்பு மாதிரி கனன்றுகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கிற பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்டைச் சாப்பிட்டால் போதுமே என்று தோன்றும். ஊறுகாய் ஜாடிக்கு இந்த நியாயம் பொருந்தும். அத்தை போடுகிற மாங்காய் ஊறுகாயில் மேலே ஒரு விரற்கடைக்கு நல்லெண்ணெய் நிற்கும். சித்திரையில் போட்டது அடுத்த சித்திரை வரை சிக்கு வாடை அடிக்காது. எள்ளில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் எண்ணெயைக் காக்கின்றன. அவை அசல் ஆன்டிஆக்ஸிடன்ட்கள்தான்.

உயிருள்ள செல்லில் நடப்பது வேறு. நாம் விழுங்கும் பாலிஃபீனால்களில், அதாவது செடிகளில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்களில், பெரும்பகுதி ரத்தத்துக்குள் போவதே இல்லை. போகிற கொஞ்சத்தையும் குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. செல்லுக்குள்ளோ அதைவிடப் பல மடங்கு குளூட்டத்தயோன் என்ற, உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு காய்கறி, பழத்தால் என்ன பயன்? அவற்றில் உள்ள பல பொருள்கள் செல்லை லேசாகச் சீண்டுகின்றன. அந்தச் சீண்டலில் என்ஆர்எஃப் 2 என்ற புரதம் விழித்து, செல்லின் சொந்தக் காவல் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே அழகான விஷயம் இதுதான்.

நம் ஊர்க்காரர்கள் மாவிலைக் கஷாயம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மாவிலையிலும் மாம்பழத் தோலிலும் மாங்கிஃபெரின் என்ற பாலிஃபீனால் இருப்பது உண்மை. அது அழற்சியைக் குறைத்தது பெரும்பாலும் ஆய்வுக்கூடச் செல்களிலும் எலிகளிலும்தான், அதுவும் பெரிய அளவில் கொடுத்தபோது. ஒரு டம்ளர் கஷாயத்தை அதற்கு ஈடாக நினைத்துச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரையால் கெடுதலும் உண்டு. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்களில் சிலர் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 ஐயூ (வைட்டமினை அளக்கும் ஓர் அலகு) வைட்டமின் ஈயும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது எழும் கொஞ்சம் ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் உடம்புக்குச் சேதி சொல்கின்றன. மாத்திரை அந்தச் சேதியையே அமுக்கிவிட்டது.

அத்தையின் டப்பாவில் பீட்டா கரோட்டினும் இருந்தது. மாமாவும் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் எனக்குத் திக்கென்றது. மாமா பீடி பிடிப்பவர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்.

சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரல் கொழுப்போடு அழற்சியும் உள்ள சிலருக்கு வைட்டமின் ஈ பலன் தந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியது.

சரி, வேறு என்ன வழி? கொழுப்புச் செல்லின் எண்ணிக்கை பெரியவர்களுக்கு அநேகமாக மாறுவதில்லை. மெலியும்போது செல் ஒவ்வொன்றும் சிறுக்கிறது. சிறுத்த செல் ஆள் கூப்பிடுவது குறைகிறது. அத்தை பார்ப்பதற்கு ஒல்லிதான், ஆனால் இடுப்பு 94 செ.மீ. இருந்தது. நம் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ராத்திரிச் சோற்றை நிறுத்தி ராகிக் களிக்கு மாறினார். தவிட்டோடு அரைத்த மாவு, ஏனென்றால் ராகியின் பாலிஃபீனால் அதன் தோலில்தான் இருக்கிறது. ஆனாலும் களியும் மாவுச்சத்துதான். அதனால் உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலை இரண்டு கரண்டி கூட்டச் சொன்னேன். காலையில் தென்பெண்ணை ஆற்றோரம் முக்கால் மணி நேரம் நடக்கிறார். சாயங்காலம் ஒரு கொய்யா. போன மாதம் அளந்தபோது இடுப்பு 88.

மாமா பீடியை இன்னும் முழுசாக விடவில்லை. நாளுக்கு ஒரு கட்டு என்றிருந்தது நாலைந்து பீடிக்கு வந்திருக்கிறது. அந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்த வைத்துவிட்டேன்.