அளவெடுக்காமல் தைக்கும் கடை

அன்புள்ள ஐயா,

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். மனிதருக்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்களே உள்ளன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியிருக்க, எண்ணற்ற கிருமிகளுக்கு எதிர்ப்பொருள் (கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) எப்படி உண்டாகிறது? கிருமியைக் கண்டபிறகு உயிரணு தன் மரபணுவை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறதா? சித்தர்கள் இதை அறிந்திருந்தார்களா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

சித்தர்களை விட்டுவிடுவோம், அவர்கள் பெருமைக்கு மரபணுவின் துணை தேவையில்லை. பேத்தியின் தடுப்பூசிக்காகப் பலதுறை மருந்தகத்தில் காத்திருந்தபோது நானும் இதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால், உயிரியல் படிக்கும் நீங்கள் "கிருமியைக் கண்டபிறகு" என்று எழுதலாமா? கண்டபிறகு அல்ல, காண்பதற்கு முன்பே!

என் அப்பா சிராங்கூன் சாலையில் தையல் கடை வைத்திருந்தார். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார்; வெட்டிய துணி வெட்டியதுதான் என்பார். எலும்பு மஜ்ஜையில் வளரும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி உயிரணுவோ யாருக்கென்று அறியாமலே வெட்டுகிறது. எதிர்ப்பொருளின் பெரிய பகுதியான கனச் சங்கிலிக்காக 14ஆம் குரோமோசோமில் வி வகையில் சுமார் 40, டி வகையில் சுமார் 23, ஜே வகையில் 6 என மரபணுத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ராக் 1, ராக் 2 என்னும் இரு புரதங்கள் கத்தரியாகி, முதலில் ஒரு டியை ஒரு ஜேயுடனும், பின்னர் அதனை ஒரு வியுடனும் சேர்க்க வழிசெய்கின்றன. இடையில் இருந்தது வெட்டுண்டு போகிறது. அந்த உயிரணுவுக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு தொனெகாவா என்னும் ஜப்பானிய அறிவியலாளர், எலிக் கருவில் விலகியிருந்த துண்டுகள் எதிர்ப்பொருள் சுரக்கும் புற்றுக்கட்டி உயிரணுவில் நெருங்கியிருப்பதைக் காட்டினார். 1987இல் நோபெல் பரிசு பெற்றார்.

சேர்க்கைக் கணக்கு ஐயாயிரத்துச் சொச்சம்தான். உண்மையான பெருக்கம் துண்டுகள் இணையும் தையல்வாயில் நிகழ்கிறது: அங்கே மரபணுவின் எழுத்துகள் சில உதிர்கின்றன, மாதிரி ஏதுமின்றிச் சில புதிதாகச் சேர்கின்றன. மரபுக்குறி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், மூன்று இணைப்புகளில் ஏறத்தாழ இரண்டு வாசிப்புப் பிசகி வீணாகின்றன. ஒரு குரோமோசோமில் தவறினால் அதன் இணையில் முயலலாம். அதுவும் தவறினால் உயிரணு மடிகிறது. ஒரு முழத் துணி வீணானாலும் உறங்காத அப்பாவால் இந்தக் கடையைத் தாங்கியிருக்க முடியாது. எனக்கோ, வரப்போகிறவர் யாரென்றே தெரியாமல் இத்தனை இழப்பை ஏற்றுக் காத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

உங்கள் பக்கமும் சிறிது நியாயம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிருமி வந்து, அதற்குப் பொருந்திய உயிரணு பெருகும்போது, நிணநீர்க் கணுக்களில் அதன் எதிர்ப்பொருள் மரபணுவில் எழுத்துகள் ஆங்காங்கே மாறி, மேலும் இறுகப் பற்றுபவை நிலைக்கின்றன. தைத்து முடித்த சட்டையை அணியச் செய்து, தோளிலும் இடுப்பிலும் குண்டூசி குத்தி அப்பா செய்யும் திருத்தம் அது.