கேமரா கேள்வி-பதில்: எஃப்/16-இல் எல்லா லென்ஸும் ஒன்றா?

கேள்வி: என்னிடம் ஃபுல் ஃபிரேம் (24×36 மி.மீ. சென்சார்) கேமராவும் 16-35 மி.மீ. சூம் லென்ஸும் இருக்கின்றன. நண்பரின் 20 மி.மீ. பிரைம் (சூம் செய்ய முடியாத) லென்ஸை வாங்கி, சூமையும் 20-இல் வைத்து, ஒரே கட்டடத்தை இரண்டிலும் எடுத்தேன். எஃப்/4-இல் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் ஒளித்துளை சிறிதாகும்) பிரைம் சுலபமாக ஜெயித்தது. எஃப்/16-இல் எந்தப் படம் எதில் எடுத்தது என்றே தெரியவில்லை. போதாததற்கு, என் சூமில் எஃப்/8-ஐ விட எஃப்/16 மங்கலாக இருக்கிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, சர்வீஸுக்கு அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். அபெர்ச்சரை, அதாவது அந்த ஒளித்துளையை, சுருக்கச் சுருக்க முதலில் லாபம்தான். லென்ஸின் ஓரம் வழியாக நுழையும் ஒளிதான் பிழைகளில் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறது. அதை அடைத்தால் படம் தெளியும். எஃப்/8 வாக்கில் அந்த லாபம் தீர்ந்துவிடும். அப்புறம் டிஃப்ராக்ஷனின் ராஜ்யம். சிறிய துளையைக் கடக்கும் ஒளி விரிகிறது. ஒரு புள்ளி சென்சாரில் குட்டி வட்டமாக விழுகிறது. பச்சை ஒளிக்கு எஃப்/8-இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப்/16-இல் 21-க்கும் மேல். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலமே 6 மைக்ரான்தான். வட்டத்தின் அளவு எஃப் எண்ணைப் பொறுத்தது, லென்ஸின் விலையைப் பார்த்து அது சுருங்காது. எஃப்/16-இல் உங்கள் சூமும் நண்பரின் பிரைமும் சமமானது இப்படித்தான்.

ஆனால் நீங்கள் படத்தின் நடுவை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். கட்டடங்களைப் படமெடுத்துப் பிழைப்பவன் நான். அகலக்கோண லென்ஸை மூலையை வைத்துத்தான் எடைபோடுவேன். அதே படங்களில் மூலையில் ஒரு ஜன்னல் கம்பி இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சமான வானத்தை ஒட்டிய கம்பியில் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை என்று மெல்லிய கோடு தெரிகிறதா? இந்த நிறப்பிசிறு அபெர்ச்சரைச் சுருக்கினால் போகாது. மென்பொருளில்தான் துடைக்க வேண்டும். எஃப்/11-இலும் இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசம் காட்டக்கூடிய இடம் இதுதான்.

சரி, 20 மி.மீ.யில் எஃப்/16 எதற்கு? எஃப்/8-இல் 1.7 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே, சுமார் 85 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசாமி என்றால் ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எஃப்/16-க்குப் போனால் ஷட்டர் நேரம் நான்கு மடங்காகும். கையில் பிடித்து எடுத்தால் அந்த ஆட்டம் வேறு சேரும். சூரியனைக் கதிர்கதிராக நட்சத்திரம்போல் காட்ட வேண்டுமானால் மட்டும் நானும் எஃப்/16 வைப்பேன், வேறு எதற்கும் இல்லை.

ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் 1932-இல் எஃப்/64 என்றே தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்களே என்று யாராவது எழுதுவார்கள். அவர்கள் காலத்துப் பெரிய கேமராவில் நெகட்டிவே 8×10 அங்குலம். பெரிதாக்காமல் அப்படியே பிரிண்ட் போடலாம், வட்டம் கண்ணில் படாது. 24×36 மி.மீ. சென்சாருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: எஃப்/11-இல்கூட வலது மேல் மூலை மட்டும் மங்கலாக இருக்கிறது. மற்ற மூன்றும் பரவாயில்லை.

பதில்: இதில் கோளாறுக்கு வாய்ப்பு உண்டு. ட்ரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதியை) அணைத்து, டைமர் போட்டு ஒரு செங்கல் சுவரை எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே சுவரை மறுபடி எடுங்கள். இரண்டாவது ஃபைலைச் சுழற்றாமல் பாருங்கள். மங்கல் அதே வலது மேல் மூலையில் நின்றால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. வாரன்ட்டி இருக்கும்போதே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மங்கல் சுவரின் அதே செங்கற்களோடு ஒட்டிக்கொண்டு எதிர்மூலைக்குப் போனால், கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.