வெளியே சிவப்பு, உள்ளே பூஞ்சணம்: மிளகாய் காயவைப்பதில் எங்கே தவறு?

கேள்வி: தொட்டியில் வளர்த்த மிளகாய்களை ஐந்து நாள் வெயிலில் காயவைத்து பாட்டிலில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒன்றைப் பிளந்து பார்த்தால், தோல் நன்றாகச் சிவந்திருக்கிறது. உள்ளே விதையெல்லாம் கறுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி காயவைத்துப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பாட்டிலில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுங்கள். நாமே வளர்த்தது என்றால் மனசு வராதுதான். ஆனால் மிளகாயில் வரும் பூஞ்சணங்களில் சில அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஐந்து நாள் என்று நாளை எண்ணியதில்தான் தவறு. பழுத்த மிளகாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். தோலின் மேல் மெழுகுப் படலம் வேறு இருப்பதால் அது மெதுவாகத்தான் வெளியேறும். தோல் சுருங்கினதும் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். காம்பை ஒட்டி, விதைகள் தொங்கும் அந்த வெள்ளைச் சதை அப்போதும் ஈரமாகவே இருக்கும். மூடிய பாட்டிலுக்குள் பூஞ்சணத்துக்கு அது போதும்.

அதனால் இருப்பதிலேயே பருமனான மிளகாயை எடுங்கள். ஆறவிட்டு, காம்புப் பக்கம் மடக்கிப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு பார்க்காதீர்கள், சூடாக இருக்கும்போது காய்ந்த மிளகாயும் துவண்டு கிடக்கும்.

முழுதாகச் சிவந்ததை மட்டும் பறியுங்கள். பாதி பழுத்ததை இரண்டு மூன்று நாள் நிழலில் பரப்பி வைத்தால் நிறம் ஏறும். ஓட்டை விழுந்தது, புள்ளி விழுந்ததைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மெல்லிய தோல் ரகத்தைக் காம்போடு முழுசாகவே காயவைக்கலாம். ஹாலபேனோ மாதிரி சதைப்பற்றுள்ளதை நீளவாக்கில் பிளந்தே ஆக வேண்டும். தட்டில் கொட்டாமல், அடியிலும் காற்றுப் போகும்படி வலையில் பரப்புங்கள். பனியில் நனையாமல் ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மழை, மப்பு என்றால் வெயிலை நம்ப வேண்டாம். உலர்த்தும் கருவியில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வைத்தால், பிளந்தவை பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்தில் காய்ந்துவிடும். முழு மிளகாய்க்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒருமுறை மூடிய அறையில் காயவைத்துவிட்டு நான் இருமிய இருமல் இன்னும் மறக்கவில்லை.

காய்ந்ததும் நேரே அடைத்து வைத்துவிடக் கூடாது. கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் கொஞ்சம் ஆவி படிந்தாலும் மறுபடி காயவைக்க வேண்டும். வெளியில் உலர்த்தியதில் பூச்சி முட்டை இருக்கலாம் என்பதால், நான் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுப்பேன். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் மிளகாயின் மேல் ஈரம் படியாது. பிறகு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், வெளிச்சத்தில் சிவப்பு வெளுக்கும். பொடியாக்கினால் மணம் சீக்கிரம் போய்விடும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் அரைத்தால் போதும்.

சதைப்பற்றுள்ள ரகம் நிறைய இருந்தால் காயவைக்க மெனக்கெட வேண்டியதே இல்லை. கழுவி, ஈரம் துடைத்து, நறுக்கி அப்படியே உறைய வையுங்கள். சமைக்கத் தாராளமாக ஆகும். காயவைக்காத மிளகாயை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளரலாம், நிறமோ வாசனையோ மாறாமலே.

பிளக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, அதே வெள்ளைச் சதையில்தான். கையில் பட்டால் வெறும் தண்ணீரில் போகாது. எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.