கான்டெசா எஞ்சின் மாற்றிய அம்பாசடர் கோவையில் நன்றாக ஓடுகிறது. ஊட்டி ஏறினால் கரும்புகை, கொண்டை ஊசி வளைவில் ஆஃப் ஆகிறது, பனிமூட்டத்தில் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. இப்போதைக்கு ஜெட்டில் கை வைக்காதீர்கள்.

குன்னூரில் நானும் எஞ்சின் மாற்றிய பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். கீழே டியூன் செய்த வண்டி மேலே வந்து திணறினால் இங்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காத்து கம்மி சார், ஜெட்டைச் சின்னது பண்ணுங்க." அதில் உண்மை உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவையைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்புரேட்டரில் கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் மாறும் என்பதால், 9 அல்லது 10 சதவீதம்தான் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். கொஞ்சம் பெட்ரோல் வாசம், லேசாக ஆடும் ஐடில் (ஆக்சிலேட்டர் மிதிக்காத ஓட்டம்), குறையும் மைலேஜ், இவ்வளவுதான் அதன் கைவரிசை. (பிக்கப் குறைவது வேறு கதை. காற்றே குறைவு, எந்த டியூனிங்கும் அதைத் திருப்பித் தராது.) போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு சுமார் 13.5 போதும். அதே ஜெட்டில் கலவை 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். அதாவது கம்பெனி ஜெட்டே இருந்தால் மலை கூட்டியதை எத்தனால் பெரும்பாலும் கழித்துவிடும். கோவையில் யாராவது இ-20க்காக ஜெட்டைப் பெரிதாக்கினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அப்படியென்றால் இந்தக் கழித்தல் கிடைக்காது.

ஆக, கரும்புகை விட்டு ஆஃப் ஆகும் அளவுக்கு மலை காரணமில்லை. எஞ்சின் மாற்றியபோது வந்த ஏதோ ஒன்று கீழே அடங்கிக் கிடந்து, மேலே வெளிப்படுகிறது.

முதலில், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப். அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு கான்டெசாவின் 1,817 சிசி ஐசுசு எஞ்சின் வைக்கும்போது பலர் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிவிடுவார்கள். கார்புரேட்டருக்கு அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. சுற்றி இருந்தால் போதும். அதற்கு மிஞ்சினால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் என்றால் 40க்கு மேல் தள்ளும், பேச்சே வேண்டாம், கழற்றுங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் பார்க்காத இடம்: ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம், உள்ளே மிதக்கும் ஃப்ளோட்தான் மட்டத்தைக் காக்கும்) எந்தப் பக்கம் இருக்கிறது? கேபிளுக்கோ ஏர் ஃபில்டருக்கோ இடம் போதாமல் கார்புரேட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள். சேம்பர் முன்பக்கம் இருந்தால் ஏற்றத்தில் ஜெட் பக்கம் பெட்ரோல் மட்டம் உயர்ந்து ரிச் ஆகும், பின்பக்கம் இருந்தால் லீன். பக்கவாட்டில் இருந்தால் வளைவுக்கு வளைவு குணம் மாறும். வலது வளைவில் மட்டும், அல்லது இடதில் மட்டும் ஆஃப் ஆகிறதா என்று கவனியுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலையில் 36 வளைவுகள் இருக்கின்றன, சோதித்துப் பார்க்கப் பஞ்சமில்லை. ஃப்ளோட் மட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் சமதளத்தில் தெரியாது, இங்கே தெரியும்.

பனிமூட்டத்தில் நிற்பது தனி நோய். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் தொண்டை குளிர்ந்து, காற்றின் ஈரம் உள்ளேயே ஐஸாகப் படியும். வெளியே 10 டிகிரி இருந்தாலும் நடக்கும். எத்தனால் இன்னும் அதிகம் குளிர வைக்கும். அடையாளம் எளிது: கொஞ்ச தூரம் ஓடிய பிறகே வரும், சில நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். என் ஜீப் கேத்தி பக்கம் வந்ததும் இதைத்தான் செய்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்று கொண்டுவரும் குழாயை ஒர்க்‌ஷாப்பில் தேவையில்லை என்று தூக்கி எறிந்திருந்தார்கள். தகரத்தில் ஒன்று அடித்து மாட்டிய பிறகு தொல்லை இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் வெந்நீர் ஹோஸ் இருந்தால் அதை அடைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.

ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால், ஏறி வந்தவுடன் கழற்றுங்கள். குன்னூருக்குக் கீழே பர்லியார் வரை ஆக்சிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கிவிட்டுப் பார்த்தால், மூடிய த்ராட்டிலால் எஞ்சின் வால்வு கைடு வழியாக ஆயிலை இழுத்து பிளக்கைக் கறுப்பாக்கியிருக்கும். அதை ரிச் என்று நினைத்துவிடுவீர்கள். தொட்டால் வறண்ட கரி என்றால் பெட்ரோல், பிசுபிசுப்பு என்றால் ஆயில்.

புகைப் பரிசோதனை நிலையத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டுவார்கள். இவ்வளவு பழைய பெட்ரோல் காருக்கு வரம்பு 3 சதவீதம். ஊட்டியிலேயே ஒருமுறை எடுங்கள். பம்பும் ஃப்ளோட்டும் சரியான பிறகும் 5, 6 என்று காட்டினால் அப்போது ஒரு சைஸ் மட்டும் சின்ன ஜெட் போடலாம், ஐடில் மிக்சர் ஸ்க்ரூவைத் திருத்திய பிறகு.

எந்தப் பம்ப், சேம்பர் எந்தப் பக்கம், எந்த வளைவில் நிற்கிறது என்று கமென்டில் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.