25 டன் பிரஸ்ஸுக்கு நான்கு அங்குல சேனல் தாங்குமா?
25 டன் ஃபோர்ஜிங் பிரஸ்ஸின் (காய்ச்சிய இரும்பை அழுத்தி உருவாக்கும் இயந்திரம்) சட்டகத்துக்கு நான்கு அங்குல சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) ஜோடி போதுமா, பழைய தண்டவாளம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ரெண்டும் வேண்டாம். தூண்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள், அதில் பெரும்பாலும் இழுவிசைதான். அடி வாங்குவது மேல், கீழ் குறுக்குச் சட்டங்கள். தூண்களுக்கு நடுவே 400 மிமீ என்றால் நான்கு அங்குல, அதாவது 100 மிமீ சேனல் ஜோடியில் தகைவு (உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம்) 320 மெகாபாஸ்கலைத் தாண்டும், சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) 250-லேயே வளைய ஆரம்பித்துவிடும். 150 மிமீ ஜோடியை உயரவாக்கில் நிறுத்தினால் 120-க்குள் அடங்கிவிடும், சிலிண்டர் உட்காரும் இடத்தில் மட்டும் 25 மிமீ தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சேனலின் விளிம்பு மடங்கும். தண்டவாளம் பார்க்கத்தான் முரடு. கார்பன் அதிகம், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். அப்புறம், வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள்: 150 சேனல் மீட்டருக்கு 16 கிலோவாவது இருக்கணும், மெலிந்த சரக்கும் கடையில் ஓடுகிறது.