கல்லை அடுக்கியவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்

கேள்வி: ஆப்பிரிக்காவில் உள்ள கிரேட் ஜிம்பாப்வே பற்றி ஒரு காணொலி பார்த்தேன். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் மூன்று மாடி உயரத்துக்குக் கல் சுவர்! மண் குடிசையில் வாழ்ந்த மக்களால் இதைக் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்த யாரோதான் கட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே இந்திய மணிகளும் கிடைத்திருக்கின்றனவாம். கடலோடிகளான நம் தமிழர்களே போய்க் கட்டியிருக்கலாம் அல்லவா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. கட்டியவர்கள் அந்த மண்ணின் மக்கள்தான், இன்றைய ஷோனா மக்களின் முன்னோர்கள். 11ஆம் நூற்றாண்டு தொடங்கி 15ஆம் நூற்றாண்டு வரை தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள். இதில் தொல்லியலாளர்களிடையே இன்று சண்டை எதுவும் கிடையாது.

முதலில் அந்த 'மண் குடிசை' விஷயத்தைப் பார்ப்போம். நீங்கள் காணொலியில் பார்த்த கல் சுவர்கள் வீட்டுச் சுவர்கள் அல்ல. அவற்றின் மேல் கூரை இருந்ததே இல்லை. அவை மதில்கள். மதிலுக்கு உள்ளே குழைத்த மண்ணால் கட்டி, கூரை வேய்ந்த வட்ட வீடுகளில்தான் அரசனும் அவனைச் சேர்ந்தவர்களும் வாழ்ந்தார்கள். கல் மதிலும் மண் வீடும் ஒரே ஊரின், ஒரே மக்களின் வேலை. மண் வீட்டைக் காட்டி மதிலை அவர்களிடமிருந்து பறிப்பது என்ன நியாயம்?

அந்தக் கல் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வியப்பு கூடத்தான் செய்யும். இன்றைய ஜிம்பாப்வே நாட்டின் மஸ்விங்கோ நகருக்கு அருகே அந்த இடத்தைச் சுற்றிலும் மொட்டைக் கருங்கல் குன்றுகள். பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிர்ந்து, பாறையின் மேற்புறம் வெங்காயத் தோல்போலப் பாளம் பாளமாகத் தானே பிரியும். பாளங்கள் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கும். பாறைமேல் தீ மூட்டிப் பிறகு தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் பிரியும். அதைத் தட்டி உடைத்தால் செங்கல்போலக் கையில் பிடிக்கிற அளவுக்குக் கல் கிடைத்துவிடும். அப்புறம் இருப்பது அடுக்குகிற கலை. பெரிய மதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர், அடிப்பக்கத்தில் அகலம் சில இடங்களில் 5 மீட்டர். மேலே போகப் போகச் சுவர் உள்பக்கம் சாய்கிறது, அதனால்தான் பூச்சே இல்லாமல் நிற்கிறது. ஆரம்பத்தில் கட்டிய சுவர்கள் கொஞ்சம் கரடுமுரடாகவும் பிந்தியவை வரிசை பிசகாமலும் இருக்கின்றன. கை பழகப் பழகத் தேர்ச்சி ஏறியது அந்தச் சுவர்களிலேயே தெரிகிறது. கட்டத் தெரிந்த யாரோ வெளியிலிருந்து வந்து இறங்கியிருந்தால் இந்தப் பழகும் காலம் அங்கே பதிவாகியிருக்காது.

அது தனியாக நிற்கிற அதிசயமும் இல்லை. அந்த ஊர் இருக்கிற பீடபூமியில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான கல் மதில் ஊர்கள் உள்ளன. கிரேட் ஜிம்பாப்வே தளர்ந்த பிறகு புலவாயோ அருகே காமி என்ற தலைநகரை அதே மரபில் எழுப்பினார்கள்.

சரி, 'வெளியாள் கட்டினான்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1871இல் கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர் அங்கே போனார். வாசல் விட்டத்திலிருந்து ஒரு மரச் சிராயை எடுத்து முகர்ந்து பார்த்தார். தன் பென்சில் மரத்தின் வாசனை வந்தது. உடனே அது லீபனோன் கேதுரு மரம்தான் என்றும், கட்டியது பைபிளில் வரும் சாலொமோன் அரசனைப் பார்க்கப் போன சேபா நாட்டு ராணிதான் என்றும் முடிவு கட்டினார். அது ஆப்பிரிக்க மரம்!

அந்தத் தவறு அத்துடன் போயிருந்தால் பரவாயில்லை. பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனி 1890இல் அந்த நாட்டைப் பிடித்தது. மறு வருடமே ரோட்ஸின் ஆதரவோடு தியோடர் பென்ட் அங்கே தோண்டப் போனார். கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள் அல்லர், பண்டைக் காலத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்று எழுதினார். அது கம்பெனிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இந்த மண் முன்பே வெளியாருடையது, நாங்கள் திரும்பி வந்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் ஹால். 1902 முதல் 1904 வரை அந்த இடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த தடயத்தைக் குப்பை என்று கருதி, பல அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி வெளியே கொட்டினார். 'பண்டைய' கட்டடத்தை வெளியே கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு, கட்டியவர்களின் வீட்டுத் தரையையும் பானை ஓட்டையும் அழித்தார். எனக்கு இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. போன மண் போனதுதான், அதை இனி யாரும் படிக்க முடியாது.

மிச்சம் இருந்ததிலிருந்தே உண்மை வெளிவந்தது. 1905இல் டேவிட் ராண்டல்-மக்ஐவர், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் இருவரும் முறையாக அகழ்ந்தார்கள். கேட்டன்-தாம்சன் யார் கையும் படாத மண்ணாகத் தேடித் தேடித் தோண்டினார். இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான்: இது ஆப்பிரிக்கர் கட்டியது, இடைக்காலத்தைச் சேர்ந்தது. இருந்தும் என்ன? 1965க்குப் பிறகு ரொடீஷியாவை (அந்த நாட்டின் அப்போதைய பெயர்) ஆண்ட வெள்ளையர் அரசு அந்த உண்மையை வெளிப்படையாகச் சொல்ல விடவில்லை. தொல்லியல் சின்னங்களின் பொறுப்பில் இருந்த பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே போனார்.

இனி உங்கள் மணிகள். ஆமாம், இந்தியக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. சீனப் பீங்கானும் பாரசீகக் கிண்ணமும் கூடத்தான் கிடைத்தன. அதற்காகச் சீனர் கட்டினார்கள் என்போமா? அந்த அரசு பீடபூமியின் தங்கத்தையும் தந்தத்தையும் சொஃபாலா துறைமுகம் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது, பதிலுக்கு மணியும் துணியும் வந்தன. சரக்கு போன இடமெல்லாம் கொத்தனாரும் போனார் என்று ஆகாது.

நமக்கு இது புரியாமல் போகக்கூடாது, ஏனென்றால் நம்மீதே இதைச் செய்திருக்கிறார்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய ஜாடிகளும் இத்தாலியத் தட்டுகளும் கிடைத்தன. எளிய மீனவர்கள் இருந்த இடத்தில் ரோம வணிகம் வந்த பிறகுதான் ஊர் எழுந்தது என்கிற படத்தை அவர் வரைந்தார். பல ஆண்டுகள் அதையே படித்தோம். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே குழுவினர் தோண்டியபோது, ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது உறுதியானது. அந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது! அதே அரிக்கமேடு மணிக்குப் பேர்போன ஊர். நம் ஊரை ரோமானியனுக்குக் கொடுத்தபோது வலித்த நாம், மணியைக் காட்டி ஷோனாக்களின் ஊரை எடுத்துக்கொள்ளலாமா? உங்கள் கேள்வி தமிழ்ப் பற்றிலிருந்து வருகிறது என்பது தெரிகிறது. ஆனால் மவுக் செய்ததும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதான். ராணியின் பெயரை எடுத்துவிட்டு நம் பெயரை வைக்கிறீர்கள், அவ்வளவே. தமிழர் கடலோடிகள் என்பதற்கு அடுத்தவன் மதில் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

1980இல் விடுதலை பெற்றபோது அந்த நாடு தன் பெயரை இந்தக் கல் ஊரிடமிருந்தே எடுத்துக்கொண்டது. 'ஜிம்பாப்வே' என்றால் கல் வீடுகள் என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த மாக்கல் பறவைச் சிற்பம்தான் அவர்கள் கொடியில் இருப்பது. அப்படிப்பட்ட பறவைகளில் சிலவற்றைத் தென்னாப்பிரிக்கா 1981இல் திருப்பிக் கொடுத்தது. ஒரு பறவையின் அடித்தூண் மட்டும் பெர்லினுக்குப் போய், போரில் ரஷ்யர்கள் கைக்கு மாறி, மறுபடி பெர்லினுக்கு வந்திருந்தது. 2003இல் அதுவும் ஊர் திரும்பி, மேல் பாதியோடு சேர்ந்தது.